சட்டை கழற்ற முடியாமல் தவிக்கும் பாம்பு!

வேலி ஓரத்தில், புற்றின் வாயில், கல் இடுக்கில் காய்ந்து கிடக்கும் பாம்புச் சட்டையைப் பார்க்காதவர்கள் கிராமத்தில் இருக்க மாட்டார்கள். மெல்லிய கண்ணாடிக் காகிதம் போல இருக்கும். காற்று அடித்தால் சலசலக்கும். "பாம்பு பக்கத்தில்தான் இருக்கும், போகாதே" என்று பாட்டி சொல்வாள்.

காட்டிலும் வயலிலும் திரியும் பாம்புக்குச் சட்டை உரிப்பது பெரிய கஷ்டம் இல்லை. ஆனால், வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வளரும் பாம்புக்கு?

பாம்பைக்கூட வீட்டில் வளர்ப்பார்களா என்று கேட்கலாம். வளர்க்கிறார்கள்! அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நாய், பூனை வளர்ப்பது போலப் பாம்பு வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் விரும்பி வளர்க்கும் பாம்புகளில் ஒன்று "பந்து மலைப்பாம்பு". மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் நாடுகளில் பிறந்த இனம். மூன்று அடி முதல் ஐந்து அடி நீளம். விஷம் கிடையாது. பயந்தால் கடிக்க வராது. தலையை நடுவில் வைத்து, உடம்பைப் பந்து போலச் சுருட்டிக்கொள்ளும். பெயர் வந்த காரணம் அதுதான். பெனின் நாட்டில் வீடா என்ற ஊரில் இந்தப் பாம்புகளுக்கு ஒரு கோயிலே இருக்கிறது. நாம் புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம். அவர்கள் பாம்பைத் தோளிலேயே போட்டுக்கொள்கிறார்கள்!

இப்படிப்பட்ட சாதுவான பாம்புக்குத்தான் அயல்நாட்டு வீடுகளில் ஒரு சங்கடம் வருகிறது. சட்டை முழுவதும் கழலாமல் உடம்பிலேயே ஒட்டிக்கொள்கிறது.

கண்ணில் நீலம்

மனிதத் தோலும் உரிந்துகொண்டுதான் இருக்கிறது. பொடிப் பொடியாகத் தினமும் உதிர்வதால் நமக்குத் தெரிவதில்லை. பாம்போ மேல்தோல் முழுவதையும் ஒரே தடவையில் கழற்றி எறிகிறது. வளரும் குட்டி ஏறக்குறைய மாதம் ஒரு முறை உரிக்கும். பெரிய பாம்பு வருஷத்துக்குச் சில முறைதான் உரிக்கும்.

முதலில் பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் உண்டாகிறது. பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒரு நீர் சுரக்கிறது. அப்போது பாம்பின் நிறம் மங்கிவிடும். கண்கள் பால் கலந்த நீல நிறமாக மாறும். பார்வை தெளிவாக இருக்காது. அதனால் பாம்பு ஒளிந்து கிடக்கும், இரை எடுக்காது, தொட்டால் சீறும். சில நாட்களில் கண் மறுபடியும் தெளியும். "சரியாகிவிட்டது" என்று நினைக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான், நான்கைந்து நாட்களில், சட்டை உரியும்.

கல்லிலோ மரக்கட்டையிலோ பாம்பு மூக்கை உரசும். உதட்டு ஓரத்தில் தோல் விடும். அதைக் கல்லில் மாட்டிக்கொண்டு முன்னே ஊர்ந்து போகும். காலுறையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வருவது போல, சட்டை தலைகீழாகப் புரண்டு வந்துவிடும். நல்ல சுகமுள்ள பாம்பின் சட்டை மூக்கு முதல் வால் வரை ஒரே துண்டாக இருக்கும். செதில்களுக்கு நடுவில் மடிந்திருந்த தோலும் விரிந்துவிடுவதால், அது பாம்பை விட நீளமாகவும் இருக்கும். சட்டையைப் பார்த்துப் பாம்பின் நீளத்தை அளப்பவர்கள் இதை மறந்துவிட்டுக் கதை கட்டுவது வழக்கம்!

குற்றவாளி யார்?

பெரும்பாலும் வறண்ட காற்றுதான். ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்பு எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழ்கிறது. மண்ணுக்கு அடியில் ஈரம் இருக்கும். அமெரிக்க வீட்டிலோ குளிர்காலம் முழுவதும் வெப்பமூட்டும் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. மனிதனுக்கே உதடு வெடிக்கிறது. பாம்புப் பெட்டிக்கு மேலே ஒரு வெப்ப விளக்கு வேறு! தோலுக்கு நடுவில் உள்ள நீர் காய்ந்துவிட்டால், பழைய சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து, அங்கங்கே ஒட்டிக்கொள்ளும்.

வேறு காரணங்களும் உண்டு. தண்ணீர் போதாமை, சத்துக் குறைவு, பழைய காயத்தின் தழும்பு, உரசுவதற்குச் சொரசொரப்பான பொருள் இல்லாமை ஆகியவை அவற்றில் சில. செதில்களின் இடுக்கில் இருந்து ரத்தம் குடிக்கும் சின்னஞ்சிறு உண்ணிகளும் காரணமாகலாம். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால், உண்ணி இருக்கிறது என்று அர்த்தம்.

வால் நுனியில் ஆபத்து

முதுகில் ஒரு துண்டு ஒட்டியிருந்தால் உடனே ஆபத்து இல்லை. வால் நுனியில் ஒட்டினால்தான் ஆபத்து. அங்கே பழைய தோல் மோதிரம் போலச் சுற்றி நிற்கும். காயக் காய இறுகும். விரலில் நூலை இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? அதேதான். ரத்த ஓட்டம் நின்று, வால் நுனி கறுத்து, செத்துவிடும். இரண்டு மூன்று தடவை உரித்த தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே சேர்ந்திருப்பதும் உண்டு. வளர்ப்பவர் கவனிப்பதே இல்லை.

என்ன செய்யலாம்?

முதல் வேலை பாம்பைத் தொடுவது அல்ல, பெட்டியைக் கவனிப்பது. காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் ஈரமானி ஒன்று பெட்டிக்குள் இருக்க வேண்டும். பந்து மலைப்பாம்புக்குச் சாதாரண நாட்களில் 50 முதல் 60 சதவிகித ஈரம் போதும். கண் நீலமானதும் 70 சதவிகிதம் வரை உயர்த்தலாம். அதற்குச் சுலபமான வழி: ஒரு சின்ன டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசியை வைத்துவிடுவது. பாம்பு தானாகவே போய் அதில் படுத்துக்கொள்ளும். பெட்டி முழுவதையும் சொதசொதவென்று வைத்திருந்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் வரும். அது வேறு நோய்.

கண் நீலமாக இருக்கும்போதே தோலைப் பிய்க்கக் கூடாது. அடியில் உள்ள புதுத் தோல் அப்போது தயாராக இருக்காது.

உரித்து முடித்த பிறகும் துண்டுகள் ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். சுமார் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூடு போதும். நம் கைக்குச் சூடாகவே தெரியாது. பாம்பு தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் ஆழம் இருக்க வேண்டும். இருபது, முப்பது நிமிஷம் ஊற விடலாம். அது வரை ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு ஈரத் துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து, பாம்பை அதன் ஊடே ஊர்ந்து போக விட்டால், ஊறிய தோல் துண்டிலேயே வந்துவிடும். வராவிட்டால் மறுநாள் மறுபடியும் ஊற வைக்க வேண்டும். இழுத்துப் பிய்ப்பவர்கள் புதுத் தோலையும் சேர்த்துப் பிய்த்துவிடுகிறார்கள்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம். பாம்பின் உடம்பில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். சிறு குழந்தைகளுக்கு அது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் கொடுக்கும்.

நம் நாட்டில்

இதைப் படித்துவிட்டு யாரும் சாரைப்பாம்பைப் பிடித்துப் பெட்டியில் அடைத்துவிட வேண்டாம்! 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். வெளிநாட்டுப் பாம்புகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2023-ல் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த கேட்பாரற்ற பைகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது, உள்ளே பந்து மலைப்பாம்புகள் நெளிந்தன.

நம் ஊரில் பாம்புச் சட்டையின் அருமை தெரிந்தவர்கள் இருளர்கள். கிடக்கும் சட்டை, எச்சம், மண்ணில் பதிந்த தடம் இவற்றைக் கொண்டே எந்தப் பாம்பு, எந்த வளையில் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 1978-ல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்புகளைப் பிடித்துப் பானைகளில் வைத்து, மருந்துக்காக விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுகிறார்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமான விஷயம். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடி ஒரு தெளிவான செதில் இருக்கிறது. கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல என்று சொல்லலாம். சட்டை உரியும்போது அதன் மேல்தோலும் சேர்ந்து வர வேண்டும். வந்ததா என்று எப்படித் தெரியும்? கழன்ற சட்டையின் தலைப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். கண் இருந்த இடத்தில் இரண்டு வட்ட மூடிகள் இருந்தால் கவலை இல்லை. வெறும் ஓட்டையாக இருந்தால் மூடி பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது.

இங்கேதான் அவசரக்காரர்கள் தவறு செய்கிறார்கள். முள் வாங்கியால் கிள்ளுகிறார்கள். ஒட்டும் நாடாவை ஒட்டி இழுக்கிறார்கள். பழைய மூடியோடு புதுச் செதிலும் பிய்ந்து வந்தால், உள்ளே இருக்கும் கண் காய்ந்து குருடாகிவிடும். பாம்பு வைத்தியம் தெரிந்த கால்நடை டாக்டரிடம் காட்டுவதே சரி. அவர் ஊற வைத்து, இளக்கி, நிதானமாக எடுப்பார். பல சமயம் "இப்போது தொட வேண்டாம், பெட்டியில் ஈரத்தைக் கூட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. அடுத்த முறை சட்டை உரியும்போது, பழைய மூடியும் புதிய மூடியும் சேர்ந்தே வந்துவிடும். அதற்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும்.