ஓர் அசையும் பல சுரங்களும்



சென்ற டிசம்பர்த் திங்களில் ஒரு மாலைப்பொழுது, கல்லூரியில் பயிலும் என் பேத்தி ஆங்கிலப் பாட்டு ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினாள். பாடியவர் அமெரிக்கப் பாடகி கிறிஸ்டினா அகிலேரா. "எப்படித் தாத்தா இருக்கிறது?" என்றாள். "குரல் அரிய குரல்தான் அம்மா, ஆனால் பாட்டு எங்கே போயிற்று?" என்றேன். அவள் விடவில்லை. "நம் பாடகர்கள் பிருகாக்களை உதிர்த்தால் தலையசைத்துக் கேட்கிறீர்கள். இவர் செய்தால் மட்டும் குற்றமா?" என்று கேட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு நல்ல கேள்வி எது என்பது தெரியும். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அந்த விடையைத் தேடிச் சென்ற வழியையே இன்று உங்களுக்குக் கூறப் போகிறேன்.

அந்தப் பாட்டு இடம்பெற்ற தொகுப்பின் பெயர் 'மை கைண்ட் ஆஃப் கிறிஸ்துமஸ்' என்பது. 'என் வகைக் கிறிஸ்துமஸ்' என்று பொருள் கொள்ளலாம். அது 2000ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அப்போது அப்பாடகிக்கு வயது பத்தொன்பது. அவருடைய முதல் தொகுப்பு 1999இல் வெளியாகிப் பெரும்புகழ் தேடித் தந்திருந்தது. 2000இல் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி விருதும் கிடைத்திருந்தது. அந்தப் புகழின் வேகத்தில் வந்தது இந்தக் கிறிஸ்துமஸ் தொகுப்பு. பழைய கிறிஸ்து பிறப்புப் பாடல்களும் புதிய பாடல்களும் இதில் கலந்துள்ளன. ஏறக்குறைய ஒவ்வோர் அடியிலும் குரல் மேலேறிச் சுழன்று இறங்குகிறது.

ஒரே அசையைப் பல சுரங்களின்மேல் நீட்டிப் பாடும் இம்முறையை மேனாட்டார் 'மெலிஸ்மா' என்பர். இது நேற்றுத் தோன்றிய வழக்கம் அன்று. இடைக்காலத்து லத்தீன் திருச்சபைப் பாடல்களில் 'அல்லேலூயா' என்னும் சொல்லின் கடைசி உயிரொலியை நெடுநேரம் நீட்டிப் பாடினார்கள். சொல்லில் அடங்காத மகிழ்ச்சி சொல்லைக் கடந்த ஒலியாகப் பெருகுகிறது என்று புனித அகஸ்டின் கூறியிருக்கிறார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கோயில்களில், 'காஸ்பல்' என்னும் இறையிசையில், இம்முறை தனிச்சிறப்புடன் வளர்ந்தது. ஒருவர் உருகி நீட்டிப் பாட, கூடியிருப்போர் குரல் கொடுத்து அதனை ஏற்பர். போதகர் ஒருவரின் மகளான அரீத்தா ஃபிராங்க்லின், நியூவார்க் நகரக் கோயிலில் பாடி வளர்ந்த விட்னி ஹூஸ்டன் முதலியோர் வழியாக அது மெல்லிசைக்கு வந்தது. 1990இல் மரையா கேரி தம் முதல் தொகுப்புடன் தோன்றிய பின், இளம் பாடகியர் பலர் அதனையே திறமையின் அளவுகோலாகக் கொண்டனர். எனவே அகிலேராவின் குரல் வளைவுகளுக்கு நெடிய மரபு உண்டு. வளைவு இருப்பதே குற்றம் என்பது பேதைமை.

அப்படியானால் குறை எங்கே? அத்தொகுப்பிலுள்ள மூன்று பாடல்களைக் கொண்டு பார்ப்போம்.

முதலாவது, வானதூதர்கள் பாடியதைக் கேட்டோம் என்று கூறும் பாட்டு. பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்தது. அதன் பல்லவியில் 'குளோரியா' என்னும் லத்தீன் சொல்லின் முதல் அசை மட்டுமே பத்துக்கும் மேற்பட்ட சுரங்களில் நீள்கிறது. ஆயினும் சிறுவர்கூட அதனைப் பிழையின்றிப் பாடுகிறார்கள். காரணம், ஒரே சுரவடிவம் படிப்படியாக இறங்கித் திரும்பத் திரும்ப வருவதே. முதற்படியைக் கற்றவன் அடுத்த படியைத் தானே ஊகித்துக்கொள்கிறான். இந்த அணி ஊரார் அனைவரும் சேர்ந்து அணிவதற்காகச் செய்யப்பட்டது. அதன்மேல் ஒருவர் தம் விருப்பப்படி மேலும் வளைவுகளைச் சேர்த்தால், உடன்பாட வந்தவர்கள் வாயடைத்து நிற்க நேரும்.

இரண்டாவது, 'தி கிறிஸ்துமஸ் சாங்' என்பது. 1945இல் ஒரு கடுங்கோடை நாளில், குளிர்காலத்தை நினைத்தாவது வெப்பத்தை மறப்போம் என்று ராபர்ட் வெல்ஸ் எழுதத் தொடங்க, மெல் டார்மே உடனிருந்து இசையமைத்தார். அனலில் வாட்டும் கொட்டைகள், குளிர், உறக்கம் கொள்ளாத குழந்தைகள், இறுதியில் ஒரு வாழ்த்து, இவ்வளவே செய்தி. 1946இல் நாட் கிங் கோல் இதனை முதன்முதலில் இசைத்தட்டில் பாடினார். அருகில் அமர்ந்து பேசுவது போன்ற பாட்டு அது. ஒலிவாங்கி இருக்கும்போது உரக்கக் கூவ வேண்டியதில்லை என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அகிலேராவோ இதே பாட்டைப் பெரிய அரங்குக்கு உரியதாக்கிவிடுகிறார். அடுப்படியில் கூறவேண்டிய வாழ்த்து கோபுரத்து உச்சியிலிருந்து வருகிறது.

மூன்றாவது, 'ஓ ஹோலி நைட்'. இதற்கு 1847இல் இசையமைத்த அடோல்ஃப் ஆடம், இசை நாடகங்களுக்கு இசையமைத்தவர். ஆகவே இப்பாட்டு இயல்பிலேயே பெருங்குரலை வேண்டுகிறது. தாழ்ந்து தொடங்கி, மெல்ல மெல்ல உயர்ந்து, முடிவுக்கு அருகில் உச்சியைத் தொடுமாறு அவர் அமைத்தார். தொடக்கத்திலேயே குரலின் செல்வத்தையெல்லாம் வாரி இறைத்தவர் அந்த உச்சியில் எதைக் கொடுப்பார்? நம் கீர்த்தனைகளைப் பாடுவோர், அடியை முதலில் இயல்பாகப் பாடிவிட்டு, அதன்பின் சங்கதிகளை ஒவ்வொன்றாக வளர்ப்பதை நினைவுகூருங்கள். கேட்பவன் உள்ளத்தில் அடி நின்ற பிறகே அணி வருகிறது. என் பேத்தியின் கேள்விக்கு இதுவே விடை.

இதனைக் கூறும் தகுதி எனக்கு உண்டா என்பதையும் மறையாமல் கூறவேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பள்ளியில் நடந்த இசைப்போட்டிக்கு நானே நடுவராக அமர்ந்தேன். ஒரு மாணவன் பிருகாக்களைப் பொழிந்தான். ஒரு மாணவி, சொல் ஒவ்வொன்றும் விளங்க, நேராகப் பாடி முடித்தாள். அரங்கம் அசையாமல் கேட்டது. நான் பரிசை மாணவனுக்குக் கொடுத்தேன். அரிய வேலைப்பாடே சிறந்த பாட்டு என்று அன்று எண்ணினேன். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டும் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் அவளைக் கேட்கவும் இல்லை. ஆகவே, பத்தொன்பது வயதில் தன் ஆற்றல் முழுவதையும் காட்டிவிடத் துடித்த ஒரு பெண்ணைவிட, அவ்வாறு காட்டினால்தான் பரிசு என்று கற்பிக்கும் என் போன்ற நடுவர்களே மிகுதியும் குற்றமுடையவர்கள்.

அப்பாடகியின் கதை அத்துடன் முடியவில்லை. 2002இல் அவர் 'பியூட்டிஃபுல்' என்னும் பாட்டைப் பாடினார். அதனை இயற்றியவர் லிண்டா பெர்ரி. முன்மாதிரியாகப் பதிவு செய்த குரலில் குறைகள் உள்ளன, மீண்டும் பாடுகிறேன் என்றார் அகிலேரா. பெர்ரி இசையவில்லை, அந்தக் குரலே பாட்டின் உயிர் என்று அதனையே வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டு 2004இல் கிராமி விருது பெற்றது. எவ்வளவும் செய்யவல்ல குரல், அங்கே தேவையான அளவே செய்கிறது.

இவற்றையெல்லாம் என் பேத்தியிடம் கூறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அந்த ஆல்பம் இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது, தாத்தா" என்றாள். அதனால் என்ன? அவள் நாட் கிங் கோலையும் ஒருமுறை கேட்டாள். நீங்களும் அப்பாட்டை இருவர் குரலிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முடிந்தபின் எந்தக் குரலில் சொற்கள் நினைவில் நின்றன என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுள் பாடுவோர் இருப்பின், நாளைக் காலை நன்கறிந்த ஒரு பாட்டை எந்த அணியுமின்றி ஒருமுறை பாடிப் பாருங்கள். அது எளிதன்று என்பது முதலடியிலேயே தெரிந்துவிடும்.