நாள் சொல்பவர்கள் – 11: மொட்டுக்குக் குளிர் வேண்டும்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கிவிட்டதாக அறிவிக்க, 14 மழைமானி நிலையங்களின் கணக்கு எப்படிப் பார்க்கப்படுகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். மழை வரும் தேதியை நாம் மே மாதத்தில்தான் விசாரிக்கத் தொடங்குகிறோம். ஜப்பானியர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மார்ச் கடைசியில் பூக்கப்போகும் சகுராவுக்கு, அதாவது செர்ரிப் பூவுக்கு, ஜனவரியிலேயே தேதி கேட்பார்கள்.

கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முதல் பூ விரிந்து மரம் முழுக்க மலர ஏறக்குறைய ஒரு வாரம். மலர்ந்த பிறகு இன்னொரு வாரம். நடுவில் ஒரு நாள் காற்றும் மழையும் அடித்தால் அதுவும் இல்லை. மரத்தடி விருந்துக்கு நீலத் தார்ப்பாயை விரித்துக் காலையிலிருந்து இடம் பிடித்துக் காத்திருக்கும் புது ஊழியர் முதல் விடுதி முதலாளி வரை எல்லோரும் அந்த இரண்டு வாரத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

நாள் சொல்ல ஒரு கைக்கணக்கு உண்டு. அதற்கு ‘400 டிகிரி விதி’ என்று பெயர். பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். தொகை 400-ஐத் தொடும் நாளில் பூ. பகல் உச்ச வெப்பத்தைக் கூட்டுபவர்களுக்கு 600. டோக்கியோவுக்குப் போட்டுப் பார்ப்போம். அங்கே பிப்ரவரியின் சராசரி 6 டிகிரி. 28 நாளில் 170 சேர்ந்துவிடும். பாக்கி 230-ஐ மார்ச்சின் சராசரியான 9.4-ஆல் வகுத்தால் 24, 25 நாள் வரும். 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளின் சராசரிப்படி டோக்கியோவில் பூ விரியும் நாள் மார்ச் 24. பள்ளிப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வருவது ஆச்சரியம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஏன் பிப்ரவரி 1?

சகுராவின் பூமொட்டு வசந்தத்தில் உருவாவதில்லை. முந்தைய கோடையிலேயே கிளையில் தயாராகிவிடுகிறது. அதை அப்போதே விரியவிடாமல் பிடித்துவைப்பது இலை. 2018-இல் புயல்கள் இலைகளை உதிர்த்துவிட்டுப் போன பிறகு, அக்டோபரில் பல ஊர்களில் சகுரா பூத்தது, ஜனங்கள் திகைத்துப்போனார்கள். வழக்கமான ஆண்டில், இலையுதிர் காலத்தில் மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். அதை எழுப்புவது வெயில் அல்ல, குளிர். 5 டிகிரியை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடந்தால்தான் உறக்கம் கலையும். அதற்குப் பிறகு கிடைக்கும் சூடுதான் மொட்டை வளர்க்கும். பிப்ரவரி 1 என்பது, டோக்கியோ போன்ற ஊர்களில் உறக்கம் அதற்குள் கலைந்திருக்கும் என்ற அனுமானம். அவ்வளவே.

அனுமானம் பொய்க்கும் இடத்துக்கு ககோஷிமாவைச் சொல்லலாம். டோக்கியோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தென்மேற்கே, கதகதப்பான குளிர்காலம் உள்ள ஊர். தெற்கிலிருந்து வடக்கே ஏறும் ‘சகுரா முகப்பு’ என்று தொலைக்காட்சி வரைபடத்தில் கோடு போடுவார்களே, அதன்படி அங்கேதான் முதலில் பூக்க வேண்டும். ஆனால் அங்கே சராசரி நாள் மார்ச் 26. டோக்கியோவுக்கு இரண்டு நாள் பின்னால்! குளிர் போதாததால் மொட்டு தாமதமாக விழிக்கிறது. அதனால் இன்றைய கணிப்பாளர்கள் முதலில் இலையுதிர் காலத்திலிருந்து குளிரை எண்ணுகிறார்கள்; சூட்டை எண்ணுவது பிறகுதான். அதிலும் வெறும் கூட்டல் இல்லை. 10 டிகிரி நாள் இரண்டு சேர்ந்து தள்ளுவதைவிட 20 டிகிரி நாள் ஒன்று மொட்டை அதிகம் தள்ளும் என்பதால் சூத்திரத்தில் அதற்குத் தனி எடை.

இதெல்லாம் சாத்தியமாவது ‘சோமேய் யோஷினோ’ என்ற ரகத்தால். நம்மூர் ஒட்டு மாங்கன்று போல இதையும் ஒட்டுக் கட்டியே பெருக்குகிறார்கள். எனவே நாட்டிலுள்ள லட்சக்கணக்கான மரங்களும் மரபணுவில் ஒரே மரம். இரண்டு ஊர்களில் பூக்கும் நாள் வேறுபட்டால் அதற்கு மரம் காரணமாக இருக்க முடியாது, பருவம்தான் காரணம். இதைவிட மலிவான வெப்பமானியை யாரும் இத்தனை ஊர்களில் நட்டுவைத்ததில்லை.

அந்த மானியைப் படிப்பவர் அரசு ஊழியர். டோக்கியோவுக்கான மாதிரி மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. மார்ச் இரண்டாம் பாதியில் வானிலை நிலையத்துக்காரர் வந்து, கேமராக்கள் சூழ, கழுத்தை நிமிர்த்திக் கிளைகளில் பூக்களை எண்ணுவார். ஐந்தோ ஆறோ விரிந்திருந்தால் ‘பூத்துவிட்டது’ என்று அறிவிப்பார். நான்கு என்றால் எல்லோரும் நாளைக்கு வர வேண்டியதுதான். 2020 மார்ச் 14 அன்று டோக்கியோவில் பனி விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் பூத்ததாக அறிவித்தார்கள்! அதுவரை அங்கே பதிவானவற்றிலேயே முந்திய நாள் அது.

அரசின் கணிப்பு 1951-இல், டோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ வட்டாரத்துக்கு மட்டும் தொடங்கியது. மொட்டுகளைப் பறித்துத் தராசில் நிறுத்துப் பார்த்த காலம் ஒன்றும் இருந்தது. பிறகு கணினி வந்தது. 2007-இல் அது காலை வாரியது. டோக்கியோ, ஷிசுவோகா, மட்சுயாமா, தகாமட்சு ஆகிய நான்கு நகரங்களுக்கும் தப்பான தேதி போய், ஜப்பான் வானிலை முகமை மன்னிப்புக் கேட்டது. 2010-இல் முகமை கணிப்பையே விட்டுவிட்டது. தனியார் வானிலை நிறுவனங்களே அதைச் செய்யும்போது அரசு எதற்கு என்பது காரணம். பூ எண்ணுவதை மட்டும் விடவில்லை. 2021-இல் பருவப் பதிவுகளைச் சுருக்கியபோதுகூட 57 வகை உயிர்களில் மிஞ்சிய ஆறு தாவரங்களில் சகுராவும் ஒன்று. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. கணிப்பை விற்க ஆள் இருக்கிறது. வருஷா வருஷம் ஒரே மரத்தடியில், ஒரே விதிப்படி எண்ணும் வேலையில் யாருக்கும் லாபம் இல்லை.

அந்தச் சலிப்பான வேலையின் மதிப்பைக் காட்டியவர் ஒசாகாவில் பணியாற்றிய ஆய்வாளர் யாசுயுகி அவோனோ. பேரரசர்கள், பிரபுக்கள், துறவிகளின் நாட்குறிப்புகளைத் துழாவி, கியோட்டோவில் மலைச் சகுரா முழுதாக மலர்ந்த நாட்களை 812-ஆம் ஆண்டு வரை தேடிச் சேர்த்தார். விருந்துக்குப் போனதை எழுதிவைத்தவர்களுக்குத் தாங்கள் வெப்பநிலை எழுதுகிறோம் என்று தெரியாது. அந்தப் பட்டியலில் 1409-இன் மார்ச் 27-தான் மிக முந்தியதாக இருந்தது. 2021-இல் மார்ச் 26 அதை முறியடித்தது. இரண்டே வருஷத்தில், 2023-இல், மார்ச் 25 ஆனது.

வெப்பம் ஏறினால் பூ முந்தும் என்று இதை நீட்டிக்கொண்டே போக முடியாது. குளிர் குறையக் குறைய, ககோஷிமாவின் கதை வடக்கே நகரும். மொட்டுகள் ஒன்றாக விழிக்காமல் கொத்துக்கொத்தாகத் தனித்தனியே விரியும். கடைசி மொட்டு அவிழ்வதற்குள் முதல் பூ உதிர்ந்திருக்கும். மொட்டுகளில் சுமார் 80 சதவீதம் விரிந்தால்தான் ‘முழு மலர்ச்சி’ என்பது முகமையின் விதி. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள், ககோஷிமா இருக்கும் தெற்குக் கியூஷுவின் சில பகுதிகளில் மரம் அந்த அளவை எட்டாமலே போகலாம் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அங்கே கிளையடியில் நிற்கும் ஊழியருக்கு முதல் ஐந்து பூக்களை எண்ணுவதில் சிரமம் இருக்காது. இரண்டாவது அறிவிப்புக்குத்தான் நாள் கிடைக்காது.

(தொடரும்)