மணலைப் பிணிக்கும் நீர்: பரப்பிழுவிசை பற்றி ஒரு விளக்கம்

கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் எனத் தொடரும் எமது கரையோர ஊர்களிலே நிலத்தைத் தோண்டுதல் என்பது பெரும்பாலும் மணலைத் தோண்டுதலே. குடிநீருக்குப் பூவல் தோண்டுவோரும், கிணற்றுக்கு வளையம் இறக்குவோரும், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவோரும் ஓர் உண்மையை நன்கறிவர். காய்ந்த மணலிற் குழியின் பக்கம் நில்லாது. சற்றே ஈரமான மணலிலோ மண்வெட்டி வெட்டியவாறே அது நிமிர்ந்து நிற்கும். நீர் ஊறும் மட்டத்தை அடைந்ததும் மீண்டும் சரிந்து விழும். நீர் அறவே இல்லாதபோதும் நிரம்ப உள்ளபோதும் தளர்ந்துவிடும் அதே மணல், இடைப்பட்ட நிலையில் மட்டும் இறுகுகின்றது. நீர் பசையன்று, பசையன்றாயின் மணலை ஒட்டுவது எது? குழிக்குள் இறங்குபவனின் உயிரோடு இவ்வினா தொடர்புற்றிருத்தலின், இதனை வெறும் ஏட்டு வினா எனத் தள்ளிவிட இயலாது.

பரப்பிழுவிசையை நாம் பாடசாலையிலேயே கற்கின்றோம். நீரில் ஊசி மிதப்பதும், மயிர்த்துளைக் குழாயில் நீர் ஏறுவதும் மனனம் செய்யப்பட்டுப் பரீட்சைத் தாளில் இறக்கிவைக்கப்படுகின்றன. அதே விசை எமது காலடி மணலில் தொழிற்படுவதைப் பாடநூல்கள் அரிதாகவே பேசுகின்றன.

திரவத்தின் உள்ளேயுள்ள மூலக்கூறு எல்லாத் திசைகளிலும் அயல் மூலக்கூறுகளாற் கவரப்படுகின்றது. பரப்பிலுள்ள மூலக்கூறுக்கோ ஒரு புறத்தே அத்தகைய அயல் இல்லை. ஆதலால் பரப்பை விரிப்பதற்குச் சக்தி செலவாகும். திரவம் தன் பரப்பை இயன்றவரை சுருக்கவே முனையும். நீருக்கு இவ்விழுவிசை மீற்றருக்கு ஏறத்தாழ 0.07 நியூற்றன். கடல்நீருக்கு இது மிகச் சிறிதளவே கூடும். எமது ஆய்வுக்கு அவ்வேறுபாடு பொருட்டன்று.

வளைந்த பரப்பின் இருபுறத்தும் அமுக்கம் ஒன்றாக இராது என்பதைத் தோமஸ் யங் 1805 இலும் லாப்பிளாஸ் 1806 இலும் நிறுவினர். பரப்பு எவ்வளவுக்கு வளைந்துள்ளதோ அவ்வளவுக்கு அமுக்க வேறுபாடு மிகும். கண்ணாடித் தகடுகள் இரண்டை நனைத்து ஒன்றன்மேலொன்றாக வைத்தால், விளிம்பிலே நீரின் பரப்பு உட்குழிந்து நிற்கும். அதனால் இடையிலுள்ள நீரின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் குறைகின்றது. வெளியேயுள்ள வளி தகடுகளை நெருக்குகின்றது. பத்துச் சதமமீற்றர்ச் சதுரத் தகடுகளின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்காயின், அந்நெருக்கம் ஏறத்தாழ 140 நியூற்றன், அதாவது பதினான்கு கிலோகிராமின் நிறை. இடைவெளி பாதியானால் விசை இரட்டிக்கும். நனைந்த கண்ணாடிகளை நேரே இழுத்துப் பிரிக்க முடியாமல் வழுக்கியே பிரிக்க நேர்வது இதனாலேயே.

கைத்தறிக்குப் பேர்பெற்ற மருதமுனையிலும் இவ்விசையைக் காணலாம். நனைந்த நூல்கள் தாமாகவே ஒன்றையொன்று நாடித் திரியாகச் சேர்கின்றன. பாவு நூலுக்குக் கஞ்சியிடும்போது, அவற்றை அருகே கொணர்வது நீர். நீர் ஆவியான பின் அவ்வாறே பிடித்துவைப்பது கஞ்சி. காயுமுன் இழைகளைப் பிரித்துவிட வேண்டியதன் காரணம் இதுவே.

மணலுக்கு வருவோம். ஈரமணலில் இரு மணிகள் தொடும் இடத்தைச் சூழ்ந்து நீர் சிறு பாலமொன்றை அமைக்கின்றது. அப்பாலத்தின் பக்கமும் உட்குழிந்ததே. 0.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள, உருண்டையான படிகக்கல் மணிகள் இரண்டை அது ஏறத்தாழ ஒரு நியூற்றனின் பதினோராயிரத்திலொரு பங்கு விசையோடு பிணிக்கின்றது. கேட்பதற்கு இது அற்பமே. ஆனால் அது அம்மணியின் நிறையைப்போல் நூறு மடங்கு! மணியின் பருமனை வளர்த்தாலோ நிலைமை மாறும். பிணிக்கும் விசை ஆரையின் விகிதத்திலும், நிறை ஆரையின் கனத்தின் விகிதத்திலும் வளர்வதால், நான்கு மில்லிமீற்றர்க் கல்லில் இரண்டும் சமமாகிவிடும். பருக்கைக்கல்லாற் பிள்ளைகள் கோட்டை கட்டுவதில்லை.

வியப்புக்குரிய செய்தி இன்னொன்றுண்டு. பாலத்தில் நீர் கூடினால் விசை கூடுவதில்லை. நனைந்த பரப்பளவு பெருகும் அதேவேளை வளைவு தளர்ந்து அமுக்க வேறுபாடு குறைகின்றது. இரண்டின் பெருக்கம் அதிகம் மாறுவதில்லை. இக்கணிப்பை மண்ணியலுக்குக் கொணர்ந்தவர் ஹெயின்ஸ்; அவருடைய சூத்திரங்களை 1926 இல் திருத்தியவர், புள்ளிவிபரவியலின் தந்தையரில் ஒருவராக நாம் அறிந்த ஆர். ஏ. பிஷர். வயல் மண்ணைப் பற்றிய ஆராய்ச்சி அவரையும் நீர்த்துளிக்கு இழுத்து வந்தது. மணலின் இடைவெளிகள் முற்றாக நிரம்பிய பின்னரோ கதை முடிந்தது. மணிகளுக்கிடையே வளியில்லை, வளியின்றேல் வளைந்த பரப்பில்லை, பரப்பின்றேல் பிணைப்புமில்லை. நீர்மட்டத்திற் பூவலின் பக்கம் கரைந்து சரிவதன் காரணம் இதுவே. ஊறிவரும் நீரும் மணிகளைக் குழியை நோக்கித் தள்ளுகின்றது.

இனி, நூறு மடங்கு என்ற எண்ணை மீண்டும் நோக்குதல் தகும். அது நம்பிக்கையூட்டும் எண், ஏமாற்றும் எண்ணுங்கூட. ஒரு மீற்றர் உயரத்தில் அத்தகைய மணிகள் ஒன்றன்மேலொன்றாக ஏறத்தாழ 2500 அமைகின்றன. அடியிலுள்ள மணி தாங்குவது அத்தனையின் சுமையை. பாலத்தின் வலுவோ நூறு மணிகளின் நிறைக்கே ஈடு. மணிகளின் உராய்வும் நெருக்கமும் துணைபுரிவது உண்மையே. இயற்கை மணிகள் கரடுமுரடானவை ஆதலால் பாலத்தின் வலு கணக்கிலும் குறைவதும் உண்மையே. முழங்கால் ஆழக் குழி நின்றது என்பது ஆளுயரக் குழி நிற்கும் என்பதற்குச் சான்றாகாது.

மேலும், காலையில் நின்ற சுவர் மாலைவரை அதே சுவரன்று. கச்சான் காற்றிலும் வெயிலிலும் வெட்டுமுகம் முதலிற் காய்கின்றது. நீர்ப்பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுகின்றன. மாரியிலோ ஒரு பாட்டம் மழை இடைவெளிகளை நிரப்பிவிடும். உப்பு காய்ந்து கட்டிய மேலோடு உறுதியானதுபோல் தோன்றினும், அதன் பின்னால் உதிரி மணலே இருக்கலாம். மணல் பொலபொலவென உதிர்ந்து முன்னறிவித்தல் சிலவேளைகளில் உண்டு. பலவேளைகளில் சுவர் முழுத்துண்டாகவே விழும். மார்பளவு மணலில் அகப்பட்டவரை மேலிருந்து கைபிடித்து இழுத்து மீட்க இயலாது. சுற்றிலுமுள்ள மணலை அகற்றியே மீட்க வேண்டும். அகற்ற அகற்ற அது மீண்டும் வந்து நிரம்பும்.

கொங்கிறீற்று வளையத்தை முதலில் நிலத்தில் வைத்து, அதன் உள்ளேயிருந்து மணலை அள்ளி, வளையம் தன் நிறையாலேயே கீழிறங்க விடும் முறையில், தோண்டுபவர் எக்கணத்திலும் மணற்சுவரை நம்பி நிற்பதில்லை. குழியை முழுவதும் தோண்டிவிட்டு வளையத்தை இறக்குவது செலவிலும் நேரத்திலும் சிக்கனமெனக் கருதும் ஒப்பந்தகாரர் இருக்கக்கூடும். அச்சிக்கனத்தின் பாரத்தைச் சுமப்பவர் குழிக்குள் நிற்கும் கூலியாளே.