ரேவா மின் தானுந்தும் அன்றாடப் பயன்பாடும்

ரேவா என்பது பெங்களூரில் உருவாக்கப்பட்டு 2001 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த, மின்கலங்களால் இயங்கும் சிறிய தானுந்து (கார்) ஆகும். இந்தியாவில் பல ஆண்டுகள் தொடர்ந்து விற்கப்பட்ட முதல் மின் தானுந்து இதுவாகும். இதன் உற்பத்தி 2012 ஆம் ஆண்டு முடிவுற்றது. இத்தகைய தொடக்ககால மின் தானுந்துகள் சாதாரண மக்களின் அன்றாடப் பயணத்திற்கு எந்த அளவு ஏற்றவையாக இருந்தன என்பதை, சென்னையின் தென்புறநகரான குரோம்பேட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

மின் தானுந்து புதிய கண்டுபிடிப்பு அன்று. 1900 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்காவில் ஓடிய தானுந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தால் இயங்கியவை. மலிவான பெட்ரோலும், 1912 இல் அறிமுகமான மின் தொடக்கியும் (கையால் சுழற்றாமல் பொறியை இயக்கும் அமைப்பு) அவற்றைப் பின்தள்ளின.

இந்தியாவில் 1993 ஆம் ஆண்டு லவ்பேர்டு என்னும் இரு இருக்கை மின் தானுந்து காட்சிப்படுத்தப்பட்டது. இதன் தயாரிப்பில் கேரளத்தின் சாலக்குடியும் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரும் தொடர்புடையவை. இது பெருமளவில் விற்பனையாகவில்லை. 1994 இல் பெங்களூரின் மைனி குழுமமும் அமெரிக்க நிறுவனமொன்றும் இணைந்து ரேவா நிறுவனத்தைத் தொடங்கின. சேத்தன் மைனி இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். ஐக்கிய இராச்சியத்தில் இவ்வண்டி ஜி-விஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது.

நுட்ப விவரங்கள் (தொடக்க வகை)

- இருக்கைகள்: முன்னால் இரு பெரியவர்கள், பின்னால் இரு குழந்தைகள்
- நீளம்: ஏறத்தாழ 2.6 மீட்டர்
- மின்கலங்கள்: 6 வோல்ட்டு ஈய-அமில மின்கலங்கள் எட்டு (மொத்தம் 48 வோல்ட்டு)
- உயர் வேகம்: மணிக்கு ஏறத்தாழ 65 கி.மீ. (பிந்தைய வகையில் 80 கி.மீ.)
- ஒரு மின்னேற்றத்தில் செல்லும் தொலைவு: 80 கி.மீ. (நிறுவனம் அறிவித்தது)
- மின்னேற்ற நேரம்: முழுமையாக 8 மணி, 80 விழுக்காட்டிற்கு ஏறத்தாழ இரண்டரை மணி

அடிப்படைச் சிக்கல்: ஆற்றலைச் சுமத்தல்

குரோம்பேட்டை வழியாகச் செல்லும் சென்னைக் கடற்கரை – தாம்பரம் இருப்புவழியில் 1931 ஆம் ஆண்டிலேயே மின் தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. தொடர்வண்டி தனக்கு வேண்டிய மின்சாரத்தை மேலுள்ள கம்பியிலிருந்து பெறுகிறது. தானுந்தோ அதைத் தன்னுடனேயே சுமந்து செல்ல வேண்டும்.

ஒரு கிலோகிராம் ஈய-அமில மின்கலத்தில் 30 முதல் 40 வாட்டு-மணி ஆற்றலைத் தேக்கலாம். ஒரு கிலோகிராம் பெட்ரோலில் ஏறத்தாழ 12,000 வாட்டு-மணி ஆற்றல் உள்ளது. ரேவாவின் மின்கலங்கள் அனைத்தும் சேர்ந்து தேக்கிய ஆற்றல், ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றலுக்கே சமம். ஆனால் பெட்ரோல் பொறி அந்த ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது; மின்னோடி பெரும்பகுதியை இயக்கமாக மாற்றுகிறது. ஆகவேதான் அவ்வளவு சிறிய ஆற்றலைக் கொண்டு 80 கி.மீ. வரை செல்ல முடிந்தது.

குரோம்பேட்டையிலிருந்து பயணங்கள்

குரோம்பேட்டையிலிருந்து கிண்டி ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ளது. நாள்தோறும் அங்கே சென்று திரும்புபவருக்கு 24 கி.மீ. மட்டுமே தேவை. இதற்கு ரேவா போதுமானதாகும். பாரிமுனைக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 50 கி.மீ. ஆகும். மின்கலங்கள் புதிதாக உள்ளவரை இதுவும் இயலும். அவை தேய்ந்து கொள்ளளவு 60 விழுக்காடாகக் குறைந்தால், எட்டக்கூடிய தொலைவு 48 கி.மீ. ஆகிவிடும், வண்டி வீடு திரும்பாது. ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள காஞ்சிபுரத்திற்குப் போனால், இடையில் மின்னேற்றாமல் திரும்ப வழியில்லை. அக்காலத்தில் நெடுஞ்சாலைகளில் பொது மின்னேற்ற நிலையங்கள் இருக்கவில்லை.

மேலும் சில இடர்ப்பாடுகள் இருந்தன.

வெப்பம்: 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஈய-அமில மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. சென்னையின் கோடை 40 பாகையைத் தொடுவதால் இது பெரிய குறையாகும். குளிரூட்டியை இயக்கினால் செல்லும் தொலைவும் குறையும்.

மின்னேற்றம்: 15 ஆம்பியர் மின்செருகி போதுமானது. தனிவீட்டில் இது எளிது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிப்பவர், தம் மின்மானியிலிருந்து தரைத்தள நிறுத்துமிடத்திற்குத் தனிக்கம்பி இழுக்க வேண்டும். 2012 இல் சென்னையில் நாள்தோறும் 2 மணி நேர மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. இரவு முழுதும் மின்னேற்றுபவரை இது அதிகம் பாதிக்காது. அவசரத்திற்குப் பகலில் மின்னேற்ற நினைப்பவரைப் பாதிக்கும்.

பாதுகாப்பு: ஐரோப்பாவில் ரேவா தானுந்தாக அன்றி, எடை குறைந்த நாற்சக்கர வண்டியாகவே வகைப்படுத்தப்பட்டது. எனவே தானுந்துகளுக்குரிய மோதல் சோதனைகள் அதற்குக் கட்டாயமில்லை. 2007 இல் ஐக்கிய இராச்சியத்தில் நடந்த சோதனைகள் அதன் பாதுகாப்பு குறித்துக் கவலை எழுப்பின. சரக்குந்துகளும் பேருந்துகளும் விரையும் பெருந்தெற்குச் சாலை (ஜி.எஸ்.டி. சாலை) போன்ற இடங்களில் இது புறக்கணிக்கத்தக்க செய்தி அன்று.

செலவு

முழு மின்னேற்றத்திற்கு ஏறத்தாழ 10 அலகு (யூனிட்) மின்சாரம் செலவாகும். அதாவது ஒரு அலகிற்கு ஏறத்தாழ 8 கி.மீ. இது பெட்ரோல் செலவில் ஒரு சிறு பங்கே. எனினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எட்டு மின்கலங்களையும் மாற்ற நேர்ந்தது. அச்செலவை ஓடிய தொலைவால் வகுத்துச் சேர்த்தால், குறைவாக ஓட்டுபவருக்கு மிச்சம் பெரிதாக இராது. நிறைய ஓட்டினால்தான் சேமிப்பு. நெடுந்தொலைவு ஓட்டவோ வண்டியால் இயலாது. இம்முரண்பாடே தொடக்ககால மின் தானுந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்திய முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும்.

பிற்கால வளர்ச்சி

2009 இல் இலித்தியம்-அயனி மின்கலம் கொண்ட ரேவா வகை அறிமுகமானது. அதன் அறிவிக்கப்பட்ட தொலைவு 120 கி.மீ. 2010 இல் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி, 2013 இல் இ2ஓ என்ற வண்டியை வெளியிட்டது. 2020 இல் விற்பனைக்கு வந்த டாட்டா நெக்சான் மின் தானுந்தின் மின்கலம் 30.2 கிலோவாட்டு-மணி கொள்ளளவு உடையது. இது ரேவாவைப் போல மூன்று மடங்காகும். காஞ்சிபுரம் சென்று திரும்புவது இத்தகைய வண்டிகளுக்கு இயல்பான பயணமே. அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் மின்னேற்றும் வசதியோ, இன்றும் ஒவ்வொரு குடியிருப்பும் தனித்தனியே தீர்க்க வேண்டிய சிக்கலாக உள்ளது.