உங்களுக்குத் தெரியுமா? ஊர் ஒன்று, ரசனை இரண்டு!

கோடை விடுமுறை விட்டால் போதும், உடுமலைப்பேட்டைக் குடும்பங்கள் வேன் பிடித்து மேட்டுப்பாளையம் 'பிளாக் தண்டர்' நீர்ப்பூங்காவுக்குப் போய்க் கும்மாளம் போடும். அதே மேட்டுப்பாளையத்துக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் தேடுவதோ ரயில் நிலையத்தை!

■ காரணம் எளிது. நீர்ச்சறுக்கு அவர்கள் நாட்டிலேயே உண்டு. ஊட்டி மலை ரயில் இங்கே மட்டும்தான். மொத்தம் 46 கி.மீ. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மலையேறும்.

■ 1899-இல் குன்னூரையும் 1908-இல் ஊட்டியையும் எட்டிய இந்தப் பாதை, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

■ தீம் பார்க்குக்காகவே கடல் கடப்பவர்களின் கணக்கு வேறு. 1955-இல் திறந்த கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் வளாகத்தில் இன்று 2 பூங்காக்கள்; 1971-இல் தொடங்கிய ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் 4 தீம் பார்க்குகள், 2 நீர்ப்பூங்காக்கள். விமானச் செலவு செய்து வருபவர் ஒரு வாரமாவது தங்கிப் பார்க்க நினைப்பார். அதற்கு ஃபுளோரிடாதான் கட்டுப்படியாகும். டிஸ்னிலேண்டுக்கோ அக்கம்பக்கத்துக்காரர்களே திரும்பத் திரும்ப வருவார்கள், நம்மவர்கள் பிளாக் தண்டருக்குப் போவதுபோல!