ஈரலைக் காக்க உதவும் கடற்பாசி

புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் கடற்பாசி வளர்க்கப்படுகிறது. 12 அடி நீளம், 12 அடி அகலமுள்ள ஒரு மிதவையில் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாட்களில் அறுவடைக்கு வரும். இந்தப் பாசியிலிருந்து, ஐஸ்கிரீம் போன்றவற்றைக் கெட்டிப்படுத்தும் 'கராஜீனன்' என்ற பொருள் எடுக்கப்படுகிறது.

கடற்பாசிகளில் மருந்துக் குணமும் உண்டு. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2022-ல், ஈரலில் கொழுப்பு படிவதை எதிர்க்க, கடற்பாசிச் சத்திலிருந்து 'கடல்மின் லிவ்க்யூர்' என்ற தயாரிப்பை உருவாக்கியது.

இந்நோய் குடிப்பவர்களுக்கு மட்டும் வருவதல்ல. உடல் பருத்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதிகம் வருகிறது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இராது. முற்றினால் ஈரல் சுருங்கிவிடும்.

ஈரலுக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு? குடலிலிருந்து வரும் ரத்தம் நேராக ஈரலுக்கே செல்கிறது. தொழு உரம் இட்ட மண்ணில் நல்ல நுண்ணுயிர்கள் பெருகுவது போல, நார்ச்சத்து கிடைத்தால் குடலிலும் நல்ல நுண்ணுயிர்கள் பெருகும். அவை நார்ச்சத்தைப் புளிக்க வைத்து உண்டாக்கும் அமிலங்கள் குடல் சுவரைப் பலப்படுத்துகின்றன. சுவர் பழுதுபட்டால் நச்சுப்பொருள்கள் கசிந்து ஈரலைத் தாக்கும். கடற்பாசியிலுள்ள நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை சென்று நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. ஆனால் இதுபற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிடம் நடந்தவை. மனிதர்களிடம் நடந்தவை குறைவு.

ஆகவே கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளி உண்ணக் கூடாது. அதில் உலோக நச்சும் கிருமியும் இருக்கலாம். பாசியில் அயோடின் மிகுதி. தைராய்டு கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பாசி மருந்து எதையும் சாப்பிடக் கூடாது.

குடலுக்கு வேண்டிய நார்ச்சத்து விவசாயியின் நிலத்திலேயே விளைகிறது. கம்பு, கேழ்வரகு, வரகு, உளுந்து, துவரை, கீரை ஆகியவற்றில் அது நிறைய உண்டு. விளைந்ததை முழுவதும் விற்றுவிடாமல் வீட்டுத் தேவைக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது நல்லது. சீனி போட்ட காப்பி, டீயையும் கலர் பானங்களையும் குறைக்க வேண்டும். மதுவை அறவே விட வேண்டும். 80 கிலோ எடையுள்ள பருத்த உடலினர் 4 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும்.

சர்க்கரை நோயுள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் ஈரலையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். ஆரம்பத்திலேயே கண்டால் இந்நோயை மாற்றிவிடலாம்.