உவமையும் ஓசையும்

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் இன்று எவருக்கும் தெரியாது. அவர்கள் ஆண்ட தொடர் நிலைத்தது. அத்தொடரே அவர்களுக்குப் பெயராகவும் அமைந்தது. குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார் எனப் பலர் இவ்வாறே அறியப்படுகின்றனர். பெயர் மறைந்த பின்னும் ஒருவரை அடையாளம் காட்டும் ஆற்றல் உவமைக்கு உண்டெனில், அதனைப் பாடலுக்கு மேற்பூச்சு என்று கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

ஓரேருழவனாரின் பாடலைக் காண்க. வினைமுடித்து மீளும் தலைவனின் நெஞ்சம் தலைவியிடம் செல்ல விரைகிறது. விரைவைக் காட்டக் காற்றையோ குதிரையையோ புலவர் கூறியிருக்கலாம். அவர் கூறியதோ, ஈரம்பட்ட நிலத்தையும் ஒற்றை ஏரையும் உடைய உழவனை. ஈரம் புலருமுன் நிலம் முழுவதையும் உழுதாக வேண்டும், ஏரோ ஒன்றே. பருவம் தவறினால் விளைச்சல் இல்லை. காற்றும் குதிரையும் வேகத்தைக் காட்டும். இவ்வுழவன் தவிப்பைக் காட்டுகிறான். உவமை பிறக்கும் நிலைகளை வினை, பயன், மெய், உரு என நான்காகத் தொல்காப்பியர் உவமவியலில் வகுத்துள்ளார். இஃது அவற்றுள் வினை பற்றியது. தேர்வில் இவ்வளவு எழுதிய அளவில் மாணவர் பலர் நின்றுவிடுகின்றனர். உழவனின் தவிப்பு எழுதப்படாமலே போகிறது.

அணிலாடு முன்றிலார் பாடலில், தலைவன் உடனிருக்கும்போது விழாக்கொண்ட ஊர்போல மகிழ்வதாகவும், அவன் பிரிந்தால் மக்கள் நீங்கிய சிற்றூரின் தனித்த வீடுபோலப் பொலிவிழப்பதாகவும் தலைவி கூறுகிறாள். அவ்வீட்டு முற்றத்தில் அணில்கள் விளையாடுகின்றன. ஆள் நடமாட்டம் உள்ள முற்றத்தில் அணில் அஞ்சியே இறங்கும். அச்சமின்றி ஆடுகிறதெனில் அங்கு எவரும் இல்லை. துள்ளும் சிற்றுயிர் ஒன்றைக் காட்டி வெறுமையை உணர்த்திய திறம் வியத்தற்குரியது.

‘போல’ முதலிய உவம உருபுகள் இன்றி, உவமையும் பொருளும் வேறல்ல என்று கூறுவது உருவகம். ‘மலர்போன்ற முகம்’ உவமை, ‘முகமலர்’ உருவகம்.

இனி ஓசை. அடியிலோ சீரிலோ முதலெழுத்து ஒன்றிவருவது மோனை (மலை – மழை). முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை (காடு – வீடு). ‘பட்டு – பாட்டு’ எதுகை ஆகாது. முதலெழுத்துகளுள் ஒன்று குறில், மற்றொன்று நெடில். பாடல்கள் செவிவழியே வாழ்ந்த காலத்தில் இவை நினைவுக்குத் துணைநின்றன. சொற்களுக்கிடையே இடம்விடாது எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளில் சிதைந்த சொல்லை உய்த்துணரவும் எதுகை உதவும்.

எழுத்துகளின் வன்மையும் மென்மையும்கூடப் பொருள் தரும். வல்லெழுத்து மிக்கு வருவதனை வல்லிசை வண்ணம் என்றும், மெல்லெழுத்து மிக்கு வருவதனை மெல்லிசை வண்ணம் என்றும் தொல்காப்பியம் கூறும். அது காட்டும் வண்ணங்கள் 20.

உவமையும் ஓசையும் ஒருங்கே தொழிற்படுவதைக் கம்பராமாயணத்தில், சூர்ப்பணகை அழகிய பெண்ணுருக் கொண்டு இராமனை நாடிவரும் பாடலில் காணலாம். அதனை முதலில் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். மெல்லினமாகிய ஞகரமும் அதன் இனமாகிய சகரமும் இணைந்த ஒலி மீண்டும் மீண்டும் வந்து, மெல்லடி வைத்து நடக்கும் நடையைச் செவிக்குக் காட்டுகிறது. அவளுக்கு மயில், அன்னம், வஞ்சிக்கொடி என உவமைகள் அடுக்கப்படுகின்றன. நான்காவது உவமை நஞ்சு. அதனையடுத்து வருவது வஞ்சம். வஞ்சி, நஞ்சு, வஞ்சம் ஆகிய மூன்றும் ஒரே ஓசையுடையன. ஓசை மாறாமையால், கொடியை ஏற்ற செவி நஞ்சையும் இனிதாகவே ஏற்றுக்கொள்கிறது. சற்றுப் பின்னரே பொருள் உறைக்கிறது. வந்தவள் பூண்ட வேடத்தைப் பாடலின் ஓசையும் பூண்டிருக்கிறது.